ஜப்பானில் வாடகை வீடு: காகிதம் முதலில், வீடு அப்புறம்

வேலைக்காக ஜப்பான் வந்து, கம்பெனி கொடுத்த மாதாந்திர அறையிலோ நண்பர் வீட்டிலோ கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, இனி நமக்கென்று ஒரு வீடு பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊரில் முதலில் வீட்டைப் பார்ப்போம், பிடித்திருந்தால் ஓனரிடம் பேசுவோம், அட்வான்ஸ் கொடுப்போம், அக்ரிமென்ட் கடைசியில் வரும். இங்கே அந்த வரிசையில் போனால், பிடித்த வீடெல்லாம் கண் முன்னாலேயே கைமாறும். நீங்கள் சம்பளச் சான்றிதழுக்காக ஹெச்ஆரிடம் கேட்டுக் காத்திருக்கும் நேரத்தில், காகிதம் தயாராக வைத்திருக்கும் ஒருவர் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். நான் பட்ட அவஸ்தையில் பாதி இந்த ஒரு விஷயத்தால் வந்தது.

கீழே உள்ள தொகைகளும் வழக்கங்களும் டோக்கியோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் வைத்துச் சொன்னவை. ஒசாகா பக்கம் பெயர்களும் விகிதங்களும் கொஞ்சம் மாறும்.

1. வீட்டு விளம்பரத்தைத் திறப்பதற்கு முன் காகிதங்களை அடுக்குங்கள்

ரெசிடென்ஸ் கார்டு, பாஸ்போர்ட், வருடச் சம்பளம் குறிப்பிட்ட பணிச் சான்றிதழ் அல்லது ஆஃபர் லெட்டர், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, ஜூமின்ஹியோ. இதுதான் அடிப்படைக் கட்டு. ஒரு வருடமாவது இங்கே வேலை பார்த்திருந்தால், வருடக் கடைசியில் கம்பெனி தரும் கென்ஸென் சோஷூஹியோவையும் கேட்பார்கள். அது சம்பளமும் பிடித்தமும் ஒரே தாளில் இருக்கும் வரிச் சீட்டு. பார்த்தால் துண்டுச் சீட்டு மாதிரி இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஜூமின்ஹியோ என்பது நீங்கள் வசிக்கும் முகவரியைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் சான்று. வார்டு ஆபீஸில் பெரும்பாலும் 300 யென். வாங்கும்போது மை நம்பர் (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) அச்சிடாத பிரதியாகக் கேளுங்கள். அந்த எண்ணை வீட்டு ஏஜென்டிடம் கொடுக்க வேண்டியதில்லை.

இவற்றோடு இன்னும் மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது ஜப்பான் மொபைல் எண். அது இல்லாமல் விண்ணப்பப் படிவம் நகராது. இரண்டாவது, மாத வாடகை பிடித்துக்கொள்ள உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. மூன்றாவது அவசரத் தொடர்புக்கு ஜப்பானில் வசிக்கும் ஒருவர். இவர் ஜாமீன்தாரர் இல்லை, நீங்கள் வாடகை கட்டாவிட்டால் அவர் தலையில் விழாது. இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி நண்பரிடமோ அலுவலகத்திலோ சம்மதம் வாங்கி வையுங்கள். சொல்லாமல் எண்ணைக் கொடுத்து, அவருக்குத் திடீரென்று ஜப்பானிய மொழியில் ஒரு போன் வந்தால், மிரண்டுபோய் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவார். அதோடு விண்ணப்பம் முடிந்தது.

நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. பெயர். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். இங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டமும் கட்டாயம், அதுவும் கத்தகானா எனும் ஜப்பானிய எழுத்தில். ஒரு இடத்தில் முருகன் "முருகான்" ஆவார், இன்னொரு இடத்தில் "முருகன்னு" ஆவார். வங்கியில் ஒரு மாதிரி, வீட்டு ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் வாடகைப் பிடித்தப் படிவம் திரும்பி வரும். வங்கியில் எப்படி எழுதியிருக்கிறதோ அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் அப்படியே எழுதுங்கள்.

மனைவியும் குழந்தைகளும் ஆறு மாதம் கழித்து வரப்போகிறார்கள் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒருவர் மட்டுமே தங்கலாம் என்ற நிபந்தனையோடு வரும் வீடுகள் ஏராளம். ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் குடியிருக்கலாம்.

2. சாவி வாங்குவதற்குள் எவ்வளவு போகும்

விளம்பரத்தில் 80,000 யென் வாடகை, 5,000 யென் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் செலவு இப்படிப் போகும்:

ஷிகிகின் (அட்வான்ஸ், ஒரு மாதம்): 80,000
ரெய்கின் (ஓனருக்கு நன்றிப் பணம், திரும்ப வராது): 80,000
ஏஜென்ட் கமிஷன், வரியோடு: 88,000
ஜாமீன் கம்பெனிக்கு (உங்கள் வாடகைக்கு ஜாமீன் நிற்கும் நிறுவனம்), மாத வாடகையும் பராமரிப்பும் சேர்ந்ததில் பாதி: 42,500
முதல் மாத வாடகையும் பராமரிப்பும்: 85,000
தீ விபத்துக் காப்பீடு, இரண்டு வருடத்துக்கு: 20,000
பூட்டு மாற்ற: 20,000

மொத்தம் 4,15,500 யென். மாத நடுவில் குடியேறினால் அந்த மாதத்தின் மிச்ச நாட்களுக்கான வாடகையும் சேரும். ஏறக்குறைய ஐந்து மாத வாடகை, அதில் திரும்பி வர வாய்ப்புள்ளது ஷிகிகின் மட்டும். இதற்குமேல் வீட்டில் விளக்கு இருக்காது, திரைச்சீலை இருக்காது, பெரும்பாலும் அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதுவும் இருக்காது. அதற்குத் தனியாக ஒரு லட்சம் யென்னாவது ஒதுக்குங்கள்.

இந்தப் பட்டியலில் எதைக் குறைக்கலாம்?

ஏஜென்ட் கமிஷனில் பேச இடமுண்டு. ஓனரும் குடிவருபவரும் சேர்ந்து பொதுவாக ஒரு மாத வாடகைதான் உச்சவரம்பு. குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு தரப்பிடம் அரை மாதம் வாங்குவதுதான் அடிப்படை விதி, உங்கள் சம்மதம் இருந்தால்தான் முழு மாதத்தையும் உங்களிடம் வாங்கலாம். அந்தச் சம்மதத்தை அவர்கள் தொடக்கத்திலேயே ஏதோ ஒரு படிவத்தில் வாங்கிவிடுவார்கள். எனவே வீடு தேடச் சொல்லும்போதே "கமிஷன் எவ்வளவு?" என்று கேளுங்கள். அரை மாதம் மட்டும் வாங்கும் கடைகளும் இருக்கின்றன.

மதிப்பீட்டுச் சீட்டில் "கிருமி நீக்கம்", "24 மணி நேர உதவிச் சேவை" என்று 15,000, 20,000 யென்னில் செலவுகள் இருக்கும். பல நேரம் இவை கட்டாயமில்லை. "இது வேண்டாம், எடுத்துவிடலாமா?" என்று கேட்டால் முணுமுணுப்பில்லாமல் எடுத்துவிடுகிற ஏஜென்டும் உண்டு. 2018 டிசம்பரில் சப்போரோவில் ஒரு வீட்டு ஏஜென்ட் கடை வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட துர்நாற்ற நீக்கி ஸ்பிரே டப்பாக்களைக் கடைக்குள்ளேயே காலி செய்தபோது வாயு தீப்பிடித்துவிட்டது. காசு வாங்கிய வீடுகளில் ஸ்பிரே அடிக்காமலே விட்ட கதையும் அப்போது வெளியே வந்தது. சீட்டில் "கிருமி நீக்கம்" என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

ரெய்கினைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது தப்பில்லை, ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை கேட்டுப் பயனில்லை. ஏப்ரலில் பள்ளியும் வேலையும் தொடங்கும் நாடு இது. அந்த மூன்று மாதமும் வீட்டுக்கு அடிதடி, லாரிக்காரர் கூலியும் எகிறும். மே மாதத்துக்கு அப்புறம் பேச்சுவார்த்தை சுலபம்.

ஷிகிகினும் ரெய்கினும் பூஜ்யம் என்று கொட்டை எழுத்தில் போட்ட வீடுகளைக் கண்டு மயங்க வேண்டாம். சில உண்மையிலேயே நல்ல வீடுகள்தான். பலவற்றில் அந்தப் பணம் துப்புரவுக் கட்டணமாகவோ, ஒரு வருடத்துக்குள் காலி செய்தால் ஒரு மாத வாடகை அபராதமாகவோ வேறு வாசல் வழியாக உள்ளே வரும். இரண்டு வருடக் கணக்கு போட்டுப் பார்த்து ஒப்பிடுங்கள். அந்தக் கணக்கில் கோஷின்ரியோவையும் சேருங்கள். இரண்டு வருடம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க டோக்கியோ பக்கம் ஒரு மாத வாடகை வாங்குவது வழக்கம்.

3. முதலில் யூஆர் வீட்டைப் பாருங்கள்

யூஆர் என்பது அரசு சார்ந்த நகரப் புதுப்பிப்பு அமைப்பு நடத்தும் வாடகை வீடுகள். ரெய்கின் இல்லை, கமிஷன் இல்லை, புதுப்பிப்புக் கட்டணம் இல்லை, ஜாமீன்தாரரும் ஜாமீன் கம்பெனியும் இல்லை. இரண்டு மாத அட்வான்ஸும் அந்த மாத நாட்கணக்கு வாடகையும் கட்டினால் போதும். நீண்டகால விசா வைத்திருக்கிற வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், அங்கே யாரும் முகத்தைப் பார்த்துத் தயங்குவதில்லை. டோக்கியோவின் எடோகாவா வார்டில் நிஷிகஸாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் குவிந்ததற்கு யூஆர் குடியிருப்புகள் ஒரு பெரிய காரணம். அங்கே லிஃப்டில் தமிழ் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

நிபந்தனை வருமானத்தில்தான். குடும்பமாக வருகிறவர்களுக்கு, வாடகை 82,500 யென்னுக்குள் இருந்தால் மாத வருமானம் அதைப்போல நான்கு மடங்கு வேண்டும். அதற்குமேல் இரண்டு லட்சத்துக்குள் என்றால் 3,30,000 யென். தனியாள் என்றால் 62,500 யென் வரை நான்கு மடங்கு, அதற்குமேல் இரண்டு லட்சத்துக்குள் 2,50,000 யென். போனஸையும் சேர்த்து பன்னிரண்டால் வகுத்த தொகைதான் மாத வருமானம். வருமானம் எட்டவில்லையா? வாடகையைப்போல நூறு மடங்கு சேமிப்பைக் காட்டலாம், அல்லது ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கட்டலாம்.

குறை என்னவென்றால், கட்டடங்களில் பல பழையவை. லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிகள் நிறைய. ஏசியை நீங்களே வாங்கி மாட்ட வேண்டியிருக்கும். நல்ல இடத்தில் உள்ளவை விளம்பரத்தில் வந்த அன்றே போய்விடும், ஏனென்றால் பெரும்பாலும் முதலில் வந்தவருக்கே வீடு.

4. தனியார் வீடு என்றால், நல்ல ஏஜென்டைத் தேடுங்கள்

சூமோ, ஹோம்ஸ் போன்ற தளங்களில் ஒரே வீட்டை ஐந்து கடைகள் விளம்பரம் செய்திருக்கும். ஏஜென்டுகளுக்குள் பொதுவான தரவுத்தளம் இருப்பதால், எந்தக் கடைக்குப் போனாலும் ஏறக்குறைய அதே வீடுகளைத்தான் காட்டுவார்கள். ஆகவே வீட்டுக்கு வீடு வெவ்வேறு கடை ஏற வேண்டாம். வெளிநாட்டவருக்கு வீடு பிடித்துக் கொடுத்துப் பழகிய ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு முன் அங்கே போன ஒருவரை விசாரிப்பதுதான் சிறந்த வழி.

வாடகை நம்ப முடியாத அளவு குறைவாகவும் படங்கள் அழகாகவும் இருந்தால், பெரும்பாலும் அது தூண்டில். கடைக்குப் போனதும் "இப்போதுதான் போய்விட்டது, வேறு காட்டுகிறேன்" என்பார்கள். கிளம்புவதற்கு முன் வீட்டின் பெயரைச் சொல்லி, இன்றைக்கு உள்ளே போய்ப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மழுப்பினால் போகாதீர்கள்.

அப்புறம் மறுப்பு. இதற்கு மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது. ஏஜென்ட் உங்கள் எதிரிலேயே ஓனர் தரப்புக்குப் போன் போட்டு, "வாடிக்கையாளர் வெளிநாட்டவர், பரவாயில்லையா?" என்று கேட்பார். பதில் பல நேரம் முடியாது என்றே வரும். ஜப்பான் நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், முந்தைய ஐந்து வருடத்தில் வீடு தேடிய வெளிநாட்டவர்களில் 39.3 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். எனவே உங்களிடம் ஏதோ குறை என்று நினைத்து உடைந்துபோக வேண்டாம். என் அபிப்பிராயத்தில், அங்கே வாதாடுவதில் பயனில்லை, "சரி, அடுத்தது" என்று நகர்வதே மேல். முதலிலேயே ஏஜென்டிடம் இப்படிச் சொல்லிவிடுங்கள்: "வெளிநாட்டவருக்குச் சரி என்று சொன்ன வீடுகளை மட்டும் காட்டுங்கள்." பட்டியல் சுருங்கும், ஆனால் அலைச்சல் பாதியாகும்.

ஓனர்கள் தயங்குவதற்குச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் பேச்சு புரியாது, குப்பையைப் பிரிக்கத் தெரியாது, ஆட்கள் கூடிவிடுவார்கள் என்பவைதான். ஜப்பானிய மொழி கொஞ்சம் வரும் என்றால் அதைப் போனில் சொல்லச் சொல்லுங்கள். கம்பெனி பெயரும் எத்தனை வருட விசா என்பதும் எடை கூட்டும். கம்பெனியே தன் பெயரில் வீடு எடுத்து உங்களுக்கு விடும் வசதி இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஹெச்ஆரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். என்ன ஒன்று, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

5. வீடு பார்க்கும் நாளில்

"ஸ்டேஷனிலிருந்து 10 நிமிட நடை" என்றால் 800 மீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பது விளம்பர விதி. மேடு, சிக்னல் எதுவும் அந்தக் கணக்கில் வராது. அறையின் அளவை ஜோ என்ற பாய்க் கணக்கில் போடுவார்கள். விளம்பரத்தில் ஒரு ஜோ குறைந்தது 1.62 சதுர மீட்டர். ஆறு ஜோ அறை சுமார் 105 சதுர அடி.

கட்டடம் மரமா, இரும்பா, கான்கிரீட்டா என்று கேளுங்கள். மரக் கட்டடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் கேட்கும். காலை ஆறு மணிக்கு மிக்ஸியில் சட்னி அரைக்கிற குடும்பம் என்றால், வாடகை கொஞ்சம் கூடினாலும் கான்கிரீட் கட்டடமே நல்லது. கட்டட அனுமதி 1981 ஜூன் 1-க்குப் பின் வாங்கியதா என்றும் பாருங்கள். அன்றிலிருந்துதான் புதிய நில அதிர்வு விதி நடைமுறைக்கு வந்தது.

எரிவாயு நகரக் குழாயா, எல்பி சிலிண்டரா? எல்பி என்றால் மாதச் செலவு கணிசமாகக் கூடும். தினமும் மூன்று வேளை சமைக்கிறவர்களுக்கு, 3,000 யென் குறைந்த வாடகை எரிவாயு பில்லில் போய்விடும். அடுப்பு மேடையில் இரண்டு பர்னர் வைக்க இடமிருக்கிறதா, மேலே புகை இழுக்கும் விசிறி வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். போட்டுப் பார்த்து, ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தால் தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் "அறிவிக்க வேண்டிய விஷயம் உண்டு" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அந்த வீட்டில் பெரும்பாலும் தற்கொலையோ வேறு விபரீத மரணமோ நடந்திருக்கும். வாடகை குறைவாக இருக்கும். எனக்குத் தெரிந்த சிலர் மனதாரக் குடியேறி நிம்மதியாக இருக்கிறார்கள். அது உங்கள் இஷ்டம், ஆனால் தெரிந்து முடிவெடுங்கள். 2021-இல் வந்த அரசு வழிகாட்டுதல்படி சுமார் மூன்று வருடம் தாண்டினால் ஏஜென்ட் தானாகச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் கேட்டால் சொல்ல வேண்டும்.

6. விண்ணப்பமும் சோதனையும்

பிடித்துவிட்டால் அன்றே விண்ணப்பம் போடுங்கள். அதற்குத்தான் முதல் படியில் அத்தனை காகிதம். விண்ணப்பம் ஒப்பந்தம் ஆகாது. வீட்டைப் பிடித்து வைக்க ஒரு சிறு தொகை கேட்டு, ஒப்பந்தத்துக்கு முன் நீங்கள் பின்வாங்கினால், அதைத் திருப்பித் தர மறுக்க ஏஜென்டுக்கு உரிமை இல்லை.

உங்களால் வாடகை கட்ட முடியுமா என்று பார்க்கும் சோதனை பொதுவாகச் சில நாளிலிருந்து ஒரு வாரம். வாடகை மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் சிக்கலில்லை. ஜாமீன் கம்பெனி உங்களுக்கும், அலுவலகத்துக்கும், அவசரத் தொடர்பு நண்பருக்கும் போன் செய்யும். அந்த வாரம் தெரியாத எண் என்று எதையும் ஒதுக்க வேண்டாம். ஜப்பானிய மொழி வராது என்றால் வேற்றுமொழி உதவி உள்ள ஜாமீன் கம்பெனியா என்று ஏஜென்டிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வானதும் வாடகை ஓடத் தொடங்கும் நாளைக் குறிப்பார்கள். விண்ணப்பித்து இரண்டு வாரத்துக்குள் என்பது வழக்கம், ரொம்பத் தள்ளிப்போட மாட்டார்கள். இப்போதுள்ள வீட்டுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்றால், இரண்டு வாடகையும் சில வாரம் சேர்ந்து ஓடும். அதைச் செலவில் போட்டுக்கொள்ளுங்கள்.

7. கையெழுத்துக்கு முன்

உரிமம் பெற்ற ஒரு நிபுணர், தன் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, முக்கிய விஷயங்களை உங்களுக்கு வாசித்து விளக்க வேண்டும் என்பது சட்டம். 2017 முதல் இதை வீடியோ அழைப்பிலும் செய்யலாம். 2020 ஆகஸ்டிலிருந்து வெள்ள அபாய வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். எடோகாவா, கோத்தோ வார்டுகளில் வீடு பார்க்கிறவர்கள் அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள், தாழ்வான நிலம். மூன்றாம் மாடிக்கு மேல் கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

ஒரு மணி நேரம் தலையாட்டிக்கொண்டு உட்காராமல், ஒப்பந்தப் பிரதியை முந்தைய நாளே வாங்கி மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, இவற்றை மட்டும் கேளுங்கள்: இது சாதாரண ஒப்பந்தமா, தெய்கி ஷாக்கா எனப்படும் குறித்த கால ஒப்பந்தமா? குறித்த காலம் என்றால், முடிந்ததும் ஓனர் விரும்பாவிட்டால் வெளியேற வேண்டியதுதான். சாதாரண ஒப்பந்தத்தில் தகுந்த காரணமில்லாமல் உங்களை எழுப்ப முடியாது. காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு? சீக்கிரம் காலி செய்தால் அபராதம் உண்டா? துப்புரவுக் கட்டணம் எவ்வளவு, ஷிகிகினில் கழியுமா, தனியா?

8. சாவி வாங்கிய வாரம்

பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். எல்லாச் சுவரும், தரையின் கீறல்களும், ஜன்னல் ஓரப் பூஞ்சையும், அலமாரி உட்புறமும், நாள் தெரிகிற மாதிரி. பரிசோதனைத் தாள் கொடுத்திருந்தால் நிரப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு அனுப்புங்கள். அடுத்த படி முழுக்க இந்தப் படங்களின் மேல்தான் நிற்கிறது.

மின்சாரமும் தண்ணீரும் இணையத்திலேயே தொடங்கலாம். எரிவாயுவுக்கு ஆள் வந்து சோதித்துத்தான் திறப்பார், நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் நேரம் கிடைக்காது, குடியேறும் தேதி தெரிந்ததும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர்க் குளியல்தான். அடுப்பு வாங்கும்போது நகர எரிவாயுவுக்கும் எல்பிக்கும் வேறு வேறு அடுப்பு என்பதை மறக்க வேண்டாம்.

மின்னழுத்தம் 100 வோல்ட். ஊரிலிருந்து தூக்கி வந்த மிக்ஸியும் கிரைண்டரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுற்றாது. டோக்கியோ பக்கம் மின் ஒப்பந்தம் ஆம்பியர் கணக்கில் இருக்கும். 30 ஆம்பியரில் ஏசி, மைக்ரோவேவ், ரைஸ் குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் வீடே இருட்டாகும்.

முகவரி மாற்றம் 14 நாளுக்குள். வேறு நகராட்சிக்கு மாறினால் பழைய இடத்தில் வெளியேறும் பதிவு, புதிய இடத்தில் நுழையும் பதிவு என்று இரண்டு. ஒரே வார்டுக்குள் என்றால் ஒன்றுதான். குடும்பத்தார் எல்லோருடைய ரெசிடென்ஸ் கார்டும் மை நம்பர் கார்டும் எடுத்துப் போங்கள். இதை இழுத்தடித்து, தகுந்த காரணமில்லாமல் 90 நாள் தாண்டினால் விசாவே ரத்தாகக்கூடும். தபால் நிலையத்தில் படிவம் கொடுத்தால் பழைய முகவரிக்கு வரும் கடிதங்களை ஒரு வருடம் இலவசமாக அனுப்பித் தருவார்கள்.

குப்பை நாள்காட்டியை வார்டு ஆபீஸிலேயே வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். ஓனர்கள் வெளிநாட்டவரை மறுக்கச் சொல்லும் காரணங்களில் குப்பையும் ஒன்று, உங்களுக்கு அடுத்து வரும் தமிழருக்காகவாவது ஒழுங்காகப் பிரியுங்கள்.

கழிப்பறைத் தரையிலும் சமையலறைத் தரையிலும் தண்ணீர் போக வழி கிடையாது. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். குளியலறையில் மட்டும் ஊற்றலாம்.

9. காலி செய்யும்போது

சண்டை பெரும்பாலும் இங்கேதான். நிர்வாகக் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, சில வாரம் கழித்து ஒரு பில் அனுப்புவார்: சுவர்த்தாள் முழுக்க மாற்ற இவ்வளவு, தரைக்கு இவ்வளவு, ஷிகிகின் போக இன்னும் இவ்வளவு கட்டுங்கள். அப்படியே கட்டிவிடாதீர்கள்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தத்தில் தெளிவாக இருக்கிறது: சாதாரணமாகக் குடியிருந்ததால் வந்த தேய்மானமும் காலத்தால் வந்த பழுதும் வாடகைதாரர் பொறுப்பல்ல. நில, உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் வழிகாட்டுதலில் எது யார் தலையில் என்று படத்தோடு பட்டியலே உண்டு. மேஜை அழுத்திய தடம், வெயிலில் வெளுத்த சுவர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கறுத்த இடம், காலண்டர் மாட்டிய குண்டூசித் துளை எல்லாம் ஓனர் கணக்கு. சுவர்ப்பலகை வரை இறங்கிய ஆணித் துளை, சிகரெட் கறை, கவனிக்காமல் விட்ட பூஞ்சை உங்கள் கணக்கு.

உங்கள் தவறே என்றாலும் சுவர்த்தாளின் முழு விலையைக் கேட்க முடியாது. அதன் ஆயுள் ஆறு வருடம் என்று வைத்து மதிப்பு குறைந்துகொண்டே போகும். புதிதாக ஒட்டிய தாளில் மூன்று வருடம் இருந்தால் பாதிதான், ஆறு வருடம் தாண்டினால் மதிப்பு ஒரு யென். ஒட்டும் கூலியைக் கேட்பார்கள், அதுவும் சேதமான பகுதிக்குத்தான். பில்லில் இந்தக் கழிவு இல்லாவிட்டால், "தேய்மானக் கணக்கோடு பிரித்து அனுப்புங்கள்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் பேச வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். இந்த ஒரு வரிக்கே தொகை இறங்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நமக்கு மட்டும் பாதகமாக இருப்பது சமையலறை. சரியாகத் துடைக்காமல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு வாடகைதாரர் பொறுப்பு என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. தினமும் தாளிப்பும் வாரம் ஒரு பூரியும் போடுகிற வீட்டில் இரண்டு வருடத்தில் புகைவிசிறி எப்படி ஆகும் என்று தெரியும்தானே. விசிறிக்கு ஒட்டும் வடிகட்டித் தாளும் அடுப்புக்குப் பின்னால் நிறுத்தும் அலுமினியத் தடுப்பும் நூறு யென் கடையில் கிடைக்கும், முதல் நாளே போட்டுவிடுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையும் சுவர்த்தாளில் மஞ்சளாகப் படியும். ஜன்னலைத் திறந்துவைத்து ஏற்றுங்கள்.

பேசித் தீரவில்லை என்றால் 188-க்கு அழைத்தால் உங்கள் பகுதி நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். அதற்குமேல், 6,00,000 யென் வரையிலான பண வழக்குகளுக்கு எளிய நீதிமன்றத்தில் சிறு தொகை வழக்கு இருக்கிறது, பொதுவாக ஒரே அமர்வில் முடியும், வக்கீல் கட்டாயமில்லை. போகும்போது குடியேறிய நாள் போட்டோக்கள், பரிசோதனைத் தாள், ஒப்பந்தம், பில், அந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள்.